விளக்குமாறும் சிங்கப்பூர் விமானமும்

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதே சட்டம்தான். ஆனால் மற்ற வீடுகளில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆள் தெருமுனை திரும்பி அரை மணி நேரம் ஆனதும், “போயிருப்பாக” என்று விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிடுவார்கள். எங்கள் அம்மா புஷ்பத்திடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. அப்பா விருதுநகருக்கு ரயில் ஏறினால், மறுநாள் காலை அந்த ரயில் விருதுநகரில் நிற்கும் வரை எங்கள் தி. நகர் வீட்டில் ஒரு தூசி இடம் மாறாது.

ரயிலுக்கு இது பழகிப்போயிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் என் அண்ணன் ஜவஹர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். கப்பல் கட்டும் கம்பெனியில் வேலை. எங்கள் குலத்திலேயே முதன்முதலாக ஆகாயத்தில் போகிறவன் அவன்தான். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருவதாகவும் ஏற்பாடு. இரண்டையும் ஒரே நாளில் வைத்த புண்ணியவான் என் அப்பா அய்யாதுரை. “எப்படியும் நல்ல நாள் பாத்தாச்சு, ரெண்டையும் முடிச்சிருவோம்” என்றார். உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அண்டாவுக்குள் குண்டானை வைத்து, குண்டானுக்குள் செம்பை வைத்து ஏற்றிப் பழகியவர் வேறு எப்படி யோசிப்பார்?

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு முன் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு நான் உயரம் அதிகம். ஒருவருக்குப் படிப்பு அதிகம். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை, ஆனால் பஜ்ஜியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆனி முடிவதற்குள் எதுவும் அமையாவிட்டால் அருப்புக்கோட்டை அத்தை மகனுக்கே என்னைக் கொடுத்துவிடுவதாக அப்பா தன் தங்கையிடம் சொல்லிவிட்டார். அத்தை மகன் கெட்டவன் இல்லை. மிளகாய் வற்றலைத் தவிர உலகத்தில் வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான். அன்றைக்கு ஆனியின் கடைசி ஞாயிறு.

வரப்போகிறவர் பெயர் வைரவன். அசோக் நகரில் வீடு, மீனம்பாக்கத்தில் ஏதோ ஒரு விமானக் கம்பெனியில் வேலை. போட்டோ வந்திருந்தது. பெண் வீட்டாருக்கு அனுப்பும் போட்டோவில் ஆண்பிள்ளைகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல விறைத்துக்கொண்டு இருப்பார்கள். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. ரத்னா, இவன்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெளியே சொல்ல முடியுமா? “ம், பரவாயில்லை” என்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணன் கிளம்பினான். அவனை வழியனுப்ப விருதுநகரிலிருந்து வந்திருந்த இருபது பேரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். அப்படியே மீனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. வந்து போகும் விருந்தாளிகளுக்கு அம்மாவின் சட்டம் கிடையாது, வீட்டு ஆளுக்கு மட்டும்தான். வேன் போன பிறகு நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

இருபது பேர் இரண்டு நாள் தங்கிய கூடம் அது. ராத்திரி முழுக்கக் கடலை உரித்துத் தின்றுகொண்டே பெட்டி கட்டியிருக்கிறார்கள். கடலைத்தோல், முறுக்குத் தூள், சணல் கயிற்றுத் துண்டு, பழைய பேப்பர், யாரோ தலையிலிருந்து உதிர்ந்த கதம்பம், மாலையிலிருந்து கொட்டிய ரோஜா இதழ். கால் வைத்தால் நறநறவென்றது.

வேலைக்கு வந்த செண்பகம் வாசலிலேயே நின்றுவிட்டாள். “இன்னா ரத்னாம்மா இது, ஊடா மார்க்கெட்டா? மாப்ள ஊட்டுக்காரங்க வர்ற சொல்லோ இப்டியா கீறது?” என்று தொடப்பத்தை எடுத்தாள். அம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எம் பிள்ளை போய் இறங்குற வரைக்கும் ஒருத்தியும் இதைத் தொடக் கூடாது.”

“எப்போ எறங்கும்?”

“நாலு மணிக்கு” என்றாள் அம்மா. அண்ணன் டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னதை அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். பத்து மணிக்குக் கிளம்பும், நாலு மணிக்கு சிங்கப்பூரில் இறங்கும்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்றரைக்கு வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். அப்படியென்றால் அவர்கள் இந்தக் கடலைத்தோலின் மேல்தான் உட்கார வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“அம்மா, அது சிங்கப்பூர் மணி. அங்க நாலுன்னா நமக்கு ரெண்டுதான். ரெண்டு மணி நேரம் வித்தியாசம் இருக்கு.”

“கடிகாரம் இங்க ஒண்ணு சொல்லி அங்க ஒண்ணு சொன்னா அது கடிகாரமாட்டி, இல்ல உங்கப்பாவா?”

நான் விடவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஆயிரத்து எண்ணூறு மைல், ஜெட் விமானம் மணிக்கு ஐந்நூறு மைல் பறக்கும், எப்படி இழுத்துப் போட்டாலும் நாலு மணி நேரத்தைத் தாண்டாது என்று கணக்குச் சொன்னேன். பி.ஏ. படித்த கர்வம் கொஞ்சம் குரலில் இருந்திருக்கும்.

“மைல் கணக்கெல்லாம் ரோட்டுக்கு. ஆகாயத்துல எவன் மைல்கல் நட்டு வச்சிருக்கான்?” என்றாள் அம்மா.

பத்து மணி வாக்கில் அப்பா வந்தார். அவர் அண்ணனை விமான நிலையத்தின் வாசலில் உள்ளே அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிட்டார். போகிறவன் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அது அப்பா வழிச் சட்டம். விமானம் மேலே ஏறியதை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. பத்து என்றால் பத்துக்குக் கிளம்பியிருக்கும் என்று இருந்துவிட்டோம். அப்பா கூடத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், “கடையில கொஞ்சம் ஜோலி இருக்கு” என்று நழுவிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ வராமல் இருந்திருந்தால் என் கதை அருப்புக்கோட்டையில்தான் முடிந்திருக்கும். வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கத் தன் வீட்டுப் பூப்போட்ட கோப்பைகளைக் கொண்டுவந்தவர், கூடத்தில் கால் வைத்ததும் “யா அல்லா!” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஹாஜிரா பீ கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புஷ்பம்மா, என் தம்பி சிங்கப்பூர்லதானே கீறான்? ரம்ஜான்ல ஒரு நாள் அவன் நோன்பு தொறந்து, கஞ்சி குடிச்சு, தொழுதும் முடிச்சிட்டு டிரங்கால் போட்டான். இங்க எனக்கு வெயிலே இறங்கல. நாக்கு வறண்டு உக்காந்துக்கினு இருக்கேன். அவங்களுக்குப் பொழுது முன்னாடி போயிடும். ரத்னா சொல்றது நெசம்.”

ஆயிரத்து எண்ணூறு மைலும் ஐந்நூறு மைலும் அசைக்காத அம்மாவை ஒரு நோன்புக் கஞ்சி அசைத்துவிட்டது. “சரி. ரெண்டு மணி. அதுக்கு மேல ஒரு கால் மணி நேரம் போகட்டும். பெட்டி எடுக்கணும்ல?” என்றாள்.

இரண்டே கால் அடித்ததும் செண்பகம் கூடத்தில் இறங்கினாள். கூட்டிய குப்பை இரண்டு கூடை. தெருமுனையில் இருந்த கார்ப்பரேஷன் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, தரையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாள். வாசலில் நானே இழைக்கோலம் போட்டேன். ஜமுக்காளம் விரித்தோம். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. இனி என்ன குறை?

மூன்றரைக்குச் சரியாக வந்துவிட்டார்கள். வைரவன், அவருடைய அம்மா முத்துலட்சுமி, ஒரு பெரியப்பா. பெரியப்பா உட்காரும் முன்பே சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, “நாலரைக்கு ராகு காலம்” என்று எல்லோருக்கும் நினைவூட்டினார். முத்துலட்சுமி அம்மாள் சிரிக்கவில்லை. கூடத்தின் நான்கு மூலையையும் ஒரு சுற்று பார்த்தார். மூலையில் தூசி தேடுகிற பார்வை அது. பாருங்கள் அத்தை, நன்றாகப் பாருங்கள் என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா பேச்சை ஆரம்பித்தார். “எங்க பையன் இன்னைக்குத்தான் சிங்கப்பூர் போயிருக்கான்.”

“போய் எறங்கிட்டான்” என்று அம்மா பெருமையாகத் திருத்தினாள். “ரெண்டு மணிக்கு.”

வைரவன் கேசரித் தட்டிலிருந்து நிமிர்ந்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. “இன்னைக்குக் காலையில போன விமானமா? இன்னும் எறங்கியிருக்காதே அத்… அம்மா. நான்தான் காலை டியூட்டி. மெஷின்ல ஏதோ சின்னக் கோளாறுன்னு நிறுத்திட்டாங்க. கிளம்பும்போது பன்னெண்டரை ஆயிருச்சு. நாலரை வாக்குலதான் எறங்கும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன்னை மட்டுமா கெடுத்தது, என்னையும் சேர்த்துக் கெடுத்தது. வாயில் கேசரி இருந்ததே, அதை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா?

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“எம் பிள்ளை ஆகாயத்துல இருக்கான். நான் வீட்டைப் பெருக்கிப்புட்டேனே.”

“ஒண்ணும் ஆகாதும்மா. மெஷினை எல்லாம் சரி பண்ணித்தான் அனுப்புனாங்க” என்றார் வைரவன். மெஷின் என்ற சொல்லை அவர் இரண்டாவது தடவையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

“புஷ்பம், வந்தவுகளைக் கவனி” என்று அப்பா பல்லைக் கடித்தார். அம்மா காதில் விழவில்லை. எழுந்து என்னைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயந்துபோன குழந்தை பார்ப்பதுபோல இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் பாதி அழுகை எனக்காகத்தான். இனி அம்மா இந்த வீட்டில் இன்றைக்கு எந்த நல்ல பேச்சும் பேச விடமாட்டாள்.

“செண்பகம், கூட்டினதை எங்கட்டி கொட்டுன?”

“முனைத் தொட்டிலதான். ஏம்மா?”

“போய் அள்ளிட்டு வா. எல்லாத்தையும். எடுத்த எடத்துலயே திரும்பப் போடணும்.”

செண்பகம் வாயைப் பிளந்தாள். “இன்னாம்மா, கூட்டுன குப்பைய எவனாச்சும் ஊட்டுக்குள்ள கொண்டாருவானா?” ஆனால் அம்மா ஏற்கெனவே கூடையை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டாள். கூடத்தில் எல்லாம் கேட்டது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னொரு நாள் வருவோமே” என்று எழுந்திருக்கப் போனார். இன்னொரு நாள் என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் பெண் பார்ப்பார்கள்? அதற்குள் அருப்புக்கோட்டைக்குத் தாம்பூலம் போய்விடும்.

அப்போது வைரவன் எழுந்தார். “நான்தான் சொல்லிக் கெடுத்தேன். நானே போய் அள்ளிட்டு வாரேன்” என்று செண்பகத்தின் கையிலிருந்து ஒரு கூடையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். “லேய், பொண்ணு பாக்க வந்துட்டுக் குப்பை அள்ளவா போற?” என்று பெரியப்பா கத்தினார். டெரிலின் சட்டையும் தேய்த்த பேண்ட்டுமாகக் கூடையோடு தெருவில் நடந்து போனவரை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

தொட்டியில் ஒரு பசுமாடு வாய் வைத்துக்கொண்டிருந்தது. செண்பகம் அதை விரட்ட, அது நகராமல் எங்கள் மாலையிலிருந்த ரோஜா இதழ்களை நிதானமாகத் தின்றது. வைரவன் கைக்குட்டையை எடுத்து வீசினார். மாடு கைக்குட்டையையும் தின்னப் பார்த்தது. கடைசியில் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு என்னவோ சமாதானம் பேசினார். என்ன சொன்னாரோ தெரியாது, மாடு ஒதுங்கிக்கொண்டது. அழுதுகொண்டிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கூடை வந்ததும் அம்மா வாசலிலேயே மறித்தாள். “இது நம்ம வீட்டுக் குப்பைதானா? எதிர்வீட்டுக் குப்பை கலந்திருந்தா ஆகாது.”

“நம்மளுதுதான்மா. பாருங்க, கடலைத்தோல், சணல்” என்று வைரவன் கூடையைச் சாய்த்துக் காட்டினார். ஒரு முட்டை ஓடு இருந்தது. அம்மா அதை இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டாள். பிறகு கூடத்தில் நின்றுகொண்டு, “சணல் அந்த ஜன்னலோரம் தம்பி. பூ இங்கன. கடலைத்தோல் எல்லா எடத்துலயும்” என்று சொல்லச் சொல்ல, வைரவன் நெல் விதைப்பவர்போல வீசிக்கொண்டே போனார். மாட்டு எச்சில் பட்ட கடலைத்தோல் தரையில் ஒட்டிக்கொண்டது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு ஜமுக்காளத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் முத்துலட்சுமி அம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் நேராக நடந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில், கடலைத்தோலின் மேலேயே உட்கார்ந்தார்.

“கதவோரம் விட்டுப்போச்சு, அங்கயும் ரெண்டு போடு” என்றார் மகனிடம். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “இவன் அப்பா பினாங்குக்குக் கப்பலேறுனப்ப நான் ஏழு நாள் வீட்டைப் பெருக்கலை. மாமியா வையாத வசவு இல்ல. கோழி வந்து கூடத்துல கிளறுச்சு. கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். அவுக பத்திரமாப் போய்ச் சேந்தாக. நான் பெருக்காததுனால சேந்தாகளா, கப்பல்காரன் ஒழுங்கா ஓட்டுனதுனால சேந்தாகளான்னு எனக்குத் தெரியாது. ஆனா பெருக்கியிருந்தா அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு எறங்கியிருக்காது.”

அம்மா அழுதுவிட்டாள். முத்துலட்சுமி அம்மாள் அம்மாவின் முதுகில் கை வைத்துக்கொண்டே மகனைப் பார்த்து அதட்டினார். “டேய், நின்னுட்டு இருக்காம, விமானம் இப்ப எங்கன இருக்கும்னு அத்தைக்குச் சொல்லு.”

அத்தைக்கு என்றார். கதவுக்குப் பின்னால் நான் காபிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தேன்.

“மணி நாலாகப் போகுதா? அந்தமான் தீவையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு அத்தை. இப்பப் பினாங்கு பக்கம் இருக்கும். மேகத்துக்கு மேல போறதுனால ஆட்டம் இருக்காது. கீழ கடல் நீலமாத் தெரியும்.”

“சாப்பாடு போட்டிருப்பாகளா?”

“சூடாப் போட்டிருப்பாங்க. ஒரு சின்னத் தட்டுல சோறு, கூட்டு, ஒரு இனிப்பு.”

“அவனுக்கு ரெண்டாவது தடவை கேக்கத் தெரியாது. கூச்சப்படுவான்.”

“ஜவஹர்தானே பேரு? உயரமா, கையில மஞ்சப் பை வச்சிருந்தாரே? நான்தான் அவருக்கு ஜன்னல் ஓரத்துல எடம் போட்டுக் குடுத்தேன். விமானம் லேட்டானதுக்கு எல்லாருக்கும் ஒரு பொட்டலம் குடுத்தோம். ரெண்டாவது பொட்டலம் கேட்டு வாங்குன ஒரே ஆள் அவர்தான்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த மனிதரின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆளோடு வாழ்ந்தால் கஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆனால் அவர் நல்ல செய்தி சொன்னால் அப்படியே நம்பலாம்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் அன்ன நடை நடந்து வர வேண்டும். நான் நறுக் நறுக்கென்று வந்தேன். வைரவன் நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்து வாங்க, கடலைத்தோல் வழுக்கும்” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“போட்டது நீங்கதானே?” என்றேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் பதில் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார்.

காபி குடித்ததும் வைரவன் ஹாஜிரா பீ வீட்டுக்குப் போய் மீனம்பாக்கம் ஆபீசுக்கு டெலிபோன் செய்தார். சிங்கப்பூரிலிருந்து விமானம் இறங்கிய செய்தி டெலிபிரிண்டரில் வந்ததும் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்று நண்பரிடம் ஏற்பாடு பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலேகால் ஆயிற்று. பெரியப்பா கடிகாரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். “பேச்சை முடிச்சு பூவை வச்சிரலாமே” என்று அப்பா மெல்லக் கேட்டார். “குப்பைக்குள்ளயா? எறங்கட்டும், பெருக்கிட்டு வைப்போம்” என்று அம்மாவும் முத்துலட்சுமி அம்மாளும் ஒரே குரலில் சொன்னார்கள். சம்பந்திகள் ஆவதற்கு முன்பே ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

“பின்காத்து அடிச்சா கொஞ்சம் முன்னாடியே எறங்கலாம்” என்றார் வைரவன். அந்தக் காற்றுக்காக நான் வேண்டிக்கொண்டதுபோல எந்தப் பரீட்சைக்கும் வேண்டிக்கொண்டதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாஜிரா பீயின் குரல் தெருவுக்கே கேட்டது. “புஷ்பம்மா! எறங்கிட்டான்! ஜவஹர் எறங்கிட்டான்!”

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். அம்மா ஒரு விளக்குமாறு, செண்பகம் ஒரு விளக்குமாறு. முத்துலட்சுமி அம்மாள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முறத்தைப் பிடித்தார். அப்பா ஜமுக்காளத்தை உதறினார். வைரவன் கூடையோடு ஓடினார். பெரியப்பா நடுவில் நின்று, “ஏழு நிமிஷம் இருக்கு! ஆறு நிமிஷம்!” என்று கூவினார். ஒட்டிக்கொண்ட கடலைத்தோலை நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். கடைசித் தோல் வெளியே போனதும் முத்துலட்சுமி அம்மாள் கையைக் கழுவிவிட்டு, மூச்சிரைக்க என்னை உட்கார வைத்து, தலையில் மல்லிகைப் பூவை வைத்தார். “ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு” என்று பெரியப்பா சொன்னபோது பூ என் தலையில் இருந்தது.

ராகு காலத்தில் யாரும் கிளம்பக் கூடாதே. ஆறு மணி வரை அவர்கள் இருந்தார்கள். ஹாஜிரா பீ பாலும் சேமியாவும் போட்ட ஷீர் குர்மா கொண்டுவந்தார். வைரவன் அம்மாவுக்கு விமானத்தில் கக்கூஸ் உண்டா இல்லையா என்பது வரை விளக்கினார். கிளம்பும்போது பெரியப்பா, “ஆடி பிறக்குறதுக்குள்ள ஊர்ல பெரியவுக காதுல போட்டுரணும். நானும் வைரவனும் இன்னைக்கு ராத்திரி ரயில்லயே விருதுநகர் போறோம்” என்றார். வைரவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தெருமுனை வரை பார்த்தேன், அப்பா வந்து “மறையிற வரைக்கும் பாக்கக் கூடாது, உள்ள வா” என்று கூப்பிடும் வரை.

அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் என்று சொல்ல முடியாது. சந்தோஷத்தில் தூக்கம் வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் செண்பகம் வந்தாள். கூடத்தில் மல்லிகையும் வெற்றிலைக் காம்புமாகக் கிடந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, “பெருக்கிரு செண்பகம்” என்று குரல் கொடுத்தாள். செண்பகம் தொடப்பத்தை எடுத்துக் குனிந்தாள். நான் பாயிலிருந்து எழுந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம். அப்புறம் பெருக்கலாம்.”

“இன்னாம்மா இது? இப்போ யாரு மேல பறந்துக்கினு கீறாங்க?”

என் முகம் எப்படி இருந்ததோ. அம்மா கரண்டியோடு வந்து என்னைப் பார்த்தாள்.

“அவுக அசோக் நகர்லேருந்துல்ல கிளம்பிப் போயிருக்காக? அவுக வீட்டைத்தான் பெருக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கு என்னட்டி?”

“இருக்கட்டும்” என்றேன்.

அம்மா செண்பகத்தின் கையிலிருந்து தொடப்பத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். “பத்து மணிக்கு வா செண்பகம். விருதுநகர் போய்ச் சேந்துரும்.”

“ரயில் லேட்டாச்சுன்னா?”

“அப்ப பதினொண்ணுக்கு வா” என்றேன் நான், அம்மா வாயைத் திறப்பதற்குள்.